பழைய மோட்டார் சைக்கிளின் பழுதான முன் போர்க்கை மாற்றும் விதம்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளிக் கிராமங்களில் முன்னாளில் காளை வண்டி செய்து வந்த வேலையில் ஒரு பெரும் பாகத்தை இப்பொழுது மோட்டார் சைக்கிள் செய்து வருகிறது. விடியுமுன் கறந்த பாலைச் சங்கத்தில் சேர்ப்பதும், கோழிப்பண்ணைக்குத் தீவன மூட்டை கொண்டு வருவதும், மரவள்ளிக் காட்டுக்கு உரம் எடுத்துச் செல்வதும், கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதைக் காயில் கட்டுவதற்கு ஊருக்குள் கொண்டு போவதும் பெரும்பாலும் அதனாலேயே நடைபெறுகின்றன. புதிய வண்டி வாங்குகிறவர்கள் பலர் உண்டு. ஆயினும், தகப்பனார் காலத்து வண்டியையே பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டி வரும் குடியானவர்களின் தொகை குறைவன்று. அப்படிச் செய்வது சிக்கனமே, குற்றமன்று. ஆனால் சிக்கனம் செல்லக்கூடாத இடம் ஒன்று அவ்வண்டியில் இருக்கிறது. அதுவே முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் கவை போன்ற உறுப்பு. இதைப் பட்டறைகளில் போர்க் என்று வழங்குவர்.

எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும்; போர்க் முறிந்தால் ஆள் விழுவான். இவ்வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு, போர்க் பழுதான காலத்தில் எதைச் சரி செய்து உபயோகிக்கலாம், எதைக் கழித்துவிட்டுப் புதிதாக மாற்ற வேண்டும், மாற்றும்போது கவனிக்க வேண்டியவை யாவை என்பவற்றை இங்கே விளக்குவோம்.

போர்க்கின் அமைப்பு

பழைய வண்டி என்றவுடன் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனியார் செய்து வந்த அவ்வண்டியை இங்கேயே தயாரிக்கும் பொருட்டு, 1955-ம் வருஷத்தில் அக்கம்பெனியும் சென்னை மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. அதன் தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அமைந்தது. மைசூரில் 1996 வரை நடைபெற்ற ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா, எஸ்டி வண்டிகளும், எஸ்கார்ட்ஸ் கம்பெனியாரின் ராஜ்தூத் வண்டிகளும் இன்னும் ஆங்காங்கே கிராமங்களில் காணப்படுகின்றன. 1980-ம் வருஷத்தில் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியோ, 1965 வரை சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த ஓசூர்ப் பக்கத்திலேயே தயாரானது.

இவ்வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் உள்ள போர்க்கின் தத்துவம் ஒன்றே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் போல ஒரு குழலுக்குள் மற்றொரு குழல் நுழைந்து ஏறி இறங்கும். எண்ணெய் கொண்டு அதிர்ச்சியை அடக்கும் இவ்வகைப் போர்க்கை 1935-ம் வருஷத்தில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் முதன்முதலில் தங்கள் வண்டிகளில் வைத்து விற்றனர். அதற்கு முன் இரும்புச் சட்டங்களும், வெளியே தெரியும் ஸ்பிரிங்கும் கொண்ட போர்க்கே எங்கும் வழக்கத்திலிருந்தது.

மேலே நிற்கும் இரண்டு எஃகுப் பைப்புகளையும் மேல் தாங்கி, கீழ்த் தாங்கி என்ற இரண்டும் இறுகப் பற்றியிருக்கின்றன. கீழ்த் தாங்கியோடு சேர்ந்த நடுத்தண்டு வண்டிச் சட்டத்தின் கழுத்துக்குள் சென்று, மேலும் கீழும் உள்ள குண்டு வளையங்களின்மேல் திரும்புகிறது. தண்டும் கீழ்த் தாங்கியும் சேர்ந்த இவ்வுறுப்பை மெக்கானிக்குகள் டீ என்பர். பைப்புகளின்மேல் கீழ்க்கால்கள் ஏறி இறங்குகின்றன. அக்கால்களின் நுனியில் முன் சக்கரத்தின் ஆக்ஸில் பிணைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே புகுந்து புறப்படுவதால் வண்டி குதித்துக்கொண்டேயிராமல் அடங்குகிறது. பைப்புக்கும் காலுக்கும் நடுவிலுள்ள ஆயில் சீல் எண்ணெயை வெளிவிடாமல் காக்கிறது.

கழுத்துத் தண்டின் கோட்டைத் தரை வரையில் நீட்டிப் பார்த்தால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சிறிது முன்னால் அது விழும். இந்தச் சிறு இடைவெளியே வண்டி தானாக நேர் வழியில் ஓடுவதற்குக் காரணம். பைப்புகள் வளைந்தால் இவ்விடைவெளி மாறிவிடும். ஒரு பைப் அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் வளைந்தாலோ சக்கரம் சாய்ந்து, வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

பழுதுக்குக் காரணங்கள்

நம் பக்கத்து உபயோகத்தில் போர்க்குக்கு மூன்று விதத்தில் கேடு நேருகிறது.

முதலாவது, மோதல். இருட்டில் இட்டேரியில் கிடக்கும் கல், கரும்பு வண்டியின் பின்புறம், குறுக்கே வரும் நாய் அல்லது ஆடு, பாலத்தருகே வெட்டி மூடாமல் விட்ட பள்ளம் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தாங்கிக்கொண்ட போர்க், 40 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்துபோவதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, பாரம். நாற்பது லிட்டர் பால் மட்டும் 41 கிலோவுக்கு மேல் நிறுக்கும். இருபுறமும் ஒவ்வொரு கேன் கட்டினால், கேனின் எடை நீங்கலாகவே 82 கிலோ ஆகிறது. அதற்கு மேல் ஓட்டுகிறவரும் ஒரு தீவன மூட்டையும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை. பாரம் பின்னால் இருப்பதால் முன் சக்கரத்துக்குச் சிரமமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பிரேக் பிடித்த உடனே பின்பாரம் முன்னே சாய்ந்து போர்க்கின்மேல் விழுகிறது. எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் சுமையோடு இறங்குகிறவர்களின் வண்டிகளில், ஒவ்வொரு வளைவிலும் போர்க் இந்தப் பாரத்தை ஏற்கிறது.

மூன்றாவது, அரிப்பு. மண்சாலைத் தூசி ஆயில் சீலின் உதட்டில் தங்கி, பைப்பின் பளபளப்பான குரோமியப் பூச்சை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஈரமான கோழி எருவைச் சுமந்துவிட்டுக் கழுவாமல் நிறுத்திய வண்டியில் துரு விரைவில் பற்றும். பூச்சு உரிந்து குழி விழுந்த பைப்பில் எத்தனை முறை புதுச் சீல் போட்டாலும் அது சில நாட்களில் கிழிந்து எண்ணெய் ஒழுகும். ஒழுகிய எண்ணெய் பிரேக்கிலும் டயரிலும் படிந்தால் அபாயம் இரட்டிப்பாகும்.

சோதிக்கும் முறை

விழுந்தெழுந்த வண்டியின் ஹாண்டில் ஒரு பக்கமும் சக்கரம் மற்றொரு பக்கமுமாக நிற்பதைக் கண்டவுடன் போர்க் வளைந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். பல சமயங்களில் பைப்புகள் நேராகவே இருக்கும். தாங்கிகளின் பிடிக்குள் அவை சற்றே முறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவே. தாங்கிகளின் போல்ட்டுகளையும் ஆக்ஸில் பிடிகளையும் தளர்த்தி, சக்கரத்தை நேரே நிறுத்தி, போர்க்கை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, மறுபடியும் முறையாக இறுக்கினால் சரியாகிவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆகையால் முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

இவ்வாறு செய்தும் கோணல் தீரவில்லையாயின் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்க.

(1) கண்ணாடிச் சோதனை: தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பைப்புகளின்மேலும் குறுக்காக வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் கண்ணாடி ஆடாமல் படியும். ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடினால் முறுக்கோ வளைவோ இருக்கிறது.

(2) கயிற்றுச் சோதனை: பின் சக்கரத்தின் இரு பக்கமும் தொடும்படி கயிறு பிடித்து முன் சக்கரம் வரை இழுத்தால், முன் சக்கரம் இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் போர்க்கையும் சட்டத்தையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும்.

(3) உருட்டுச் சோதனை: பைப்பைக் கழற்றி, லேத்துப் பட்டறையில் இரு முனைகளையும் தாங்கிச் சுழற்றி, டயல் கேஜ் என்னும் முள் அளவியால் அளக்க வேண்டும். அனேக உற்பத்தியாளர்கள் தங்கள் கைப்புத்தகங்களில் அனுமதிக்கும் வளைவு 0.2 மில்லிமீட்டர் மாத்திரமே. இது கண்ணுக்குத் தெரியும் அளவன்று. ஆதலால் பார்வைக்கு நேராக இருக்கிறது என்று சொல்லுகிற பேச்சை ஒப்புக்கொள்ளலாகாது. அளவி கிடைக்காத இடத்தில் தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் பைப்பை உருட்டி, அடியில் வெளிச்சம் தோன்றி மறைகிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும்.

மோதலில் பைப்புகள் வளையும் இடம் பெரும்பாலும் கீழ்த் தாங்கிக்குச் சற்றுக் கீழேயாகும். அங்கேதான் நெம்புகோலின் பலம் முழுவதும் விழுகிறது. பழைய புல்லட் போன்ற வண்டிகளில் அவ்விடத்தைத் தகட்டு மூடி மறைத்திருப்பதால், மூடியைக் கழற்றாமல் ஒன்றும் தெரியாது. வெளியில் பெயின்டு பூசி மினுக்கிய வண்டியைச் சந்தையில் வாங்குகிறவர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

போர்க்கோடு நின்றுவிடாமல் சட்டத்தின் கழுத்தையும் பார்க்க வேண்டும். கழுத்துக்குப் பின்னாலும் கீழேயும் குழல்களின்மேலுள்ள பெயின்டு சுருங்கியோ வெடித்தோ காணப்பட்டால், அடி சட்டம் வரை சென்றிருக்கிறது என்று அறியலாம். கழுத்து கோணிய வண்டிக்குப் புதிய போர்க் போடுவது வீண் செலவு. சட்டத்தை அதற்குரிய அச்சில் வைத்துச் சரி பார்க்கும் வசதியுள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அல்லது அவ்வண்டியை ஓட்டத்திலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

வளைந்த பைப்பை நிமிர்த்தலாமா?

இக்கேள்வியே குடியானவர்கள் பட்டறை வாசலில் நின்று கேட்பது. புதுப் பைப் வாங்கும் செலவைவிட நிமிர்த்தும் கூலி குறைவு. அன்று மாலையே பால் எடுக்க வண்டியும் கிடைக்கும். இந்த ஆசை நியாயமானதே. எனினும் அதன் பலனை அறிந்தே தீர்மானிக்க வேண்டும். போர்க் பைப்பின் எஃகு ஓரளவு வளைந்து தானாகவே நிமிரும் குணமுள்ளது. அவ்வளவைத் தாண்டி வளைந்து நின்றுவிட்டதானால், அவ்விடத்தில் அதன் உள்ளமைப்பு குலைந்துவிட்டது என்று பொருள். அதை மறுபடியும் எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தும்போது அதே இடம் இரண்டாம் முறை நைகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிமிர்த்திய பைப் அன்றைக்கு ஒடிவதில்லை. உள்ளே மயிரிழை வெடிப்பு ஒன்று தோன்றி, பாரத்தோடு ஓட ஓட வளர்ந்து, ஒரு நாள் எதிர்பாராத சமயத்தில் ஒடிகிறது.

காஸ் விளக்கால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவது இதனினும் கேடு. அரிவாளைப் பதம் வைக்கும் கொல்லரைக் கேட்டால், மிதமிஞ்சிய சூடு பதத்தை எடுத்துவிடும் என்று அவரே சொல்லுவார். பைப்பின் பதமும் அவ்வாறே போகும். குரோமியப் பூச்சும் உரியும். பற்றவைத்து ஒட்டிய பைப்பைப் பற்றியோ பேச வேண்டியதே இல்லை. அது எவ்விதத்திலும் உபயோகிக்கத் தக்கதன்று.

ஆகவே விதி இதுதான்: மடிப்பு விழுந்தது, நசுங்கியது, வெடிப்புள்ளது, சூடு காட்டியது, பற்றவைத்தது, அளவுக்கு மேல் வளைந்தது ஆகிய பைப்பை மாற்றியே ஆக வேண்டும். நேராக இருந்து, குழி மாத்திரம் விழுந்த பைப்பை, தகுந்த பட்டறையில் அரைத்துக் கெட்டிக் குரோமியம் பூசி மறுபடியும் உபயோகிக்கலாம். உதிரி கிடைக்காத பழைய வண்டிகளுக்கு இது நல்ல வழி.

லேத்துப் பட்டறையின் எல்லை

லாரிக் கூண்டு கட்டுவதில் நாமக்கல்லும், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் பெயர் பெற்றவை. இத்தொழில்களின் காரணமாக நம் பக்கத்தில் லேத்து வேலையில் தேர்ந்த தொழிலாளர்களுக்குக் குறைவில்லை. அவர்களைக் கொண்டு புஷ், இடைவளையம், விசேஷ நட்டு, சீல் இறக்கும் குழல், பைப்பை இழுக்கும் கருவி முதலியவற்றைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம். பழைய புல்லட்டின் பல திருகுகள் ஆங்கில அங்குல அளவைச் சேர்ந்தவையாதலால், கடையில் கிடைக்காத நட்டுக்கு இவர்களின் உதவியே வேண்டும். ஆனால் எந்த எஃகு என்று தெரியாத குழாயைக் கடைந்து போர்க் பைப் செய்வதும், தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுவதும் தொழிலாளியின் திறமையால் சரியாகும் காரியங்களல்ல. கைத்திறம் அளவைக் கொடுக்கும். எஃகின் பலத்தைக் கொடுக்காது.

உதிரி வாங்கும்போது

கடைக்குச் செல்லும்போது பழைய பைப்பையும் கையில் கொண்டு போக வேண்டும். வண்டி தயாரான வருஷமும் சட்ட எண்ணும் குறித்த புத்தகத்தின் நகலும் உடன் இருக்கட்டும். பெயர் ஒன்றாயிருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் பைப்பின் நீளம், குறுக்களவு, மேல்முனையின் திருகு ஆகியவை மாறியிருக்கும். டிரம் பிரேக் வண்டியின் கீழ்க்காலும் டிஸ்க் பிரேக் வண்டியின் கீழ்க்காலும் ஒன்றல்ல.

பைப்புகளை ஜோடியாகவே மாற்றுக. ஒன்று பழையதும் மற்றொன்று புதியதுமானால் இரண்டும் ஒரே விதமாகத் தேய்ந்து ஓடா. அத்துடன் இரண்டு ஆயில் சீல்கள், தேய்ந்திருந்தால் புஷ்கள், கழுத்தின் குண்டு வளையங்கள் முழு செட், போர்க் எண்ணெய் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நீளம் பார்த்து, ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். டி.வி.எஸ். 50 போன்ற சிறு வண்டிகளில் உறுப்பு உறுப்பாக வாங்குவதைவிடப் போர்க் முழுவதையும் சேர்த்து மாற்றுவது பல சமயங்களில் லாபமாக முடியும். இரண்டு விலையையும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்க.

கழற்றுதலும் மாட்டுதலும்

இவ்வேலையைப் பழகிய மெக்கானிக் ஒருவரே செய்வது நலம். சொந்தக்காரர் அருகிலிருந்து பின்வரும் ஒழுங்கு தவறாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அதனினும் நலம்.

(1) சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். புல்லட் 160 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி. கட்டை நழுவினால் ஆள் அடியில் அகப்படுவான்.

(2) பிரேக் கம்பி, வேகமானியின் கம்பி, சக்கரம், மட்கார்டு ஆகியவற்றை வரிசையாகக் கழற்றி, போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைக்க வேண்டும்.

(3) கீழ்க்காலின் அடித்திருகைத் திறந்து பழைய எண்ணெயை வடிக்க வேண்டும். அது கறுத்துச் சேறு போலிருந்தால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது என்று அறிக.

(4) பைப்பின் மேல் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கி நிற்கும். முகத்தை நேரே மேலே வைக்காமல், துணியால் மூடியைப் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும்.

(5) சில வண்டிகளில் பைப்பின் மேல்முனை திருகாகவும், சிலவற்றில் கூம்பாகவும், சிலவற்றில் வெறும் பிடியாகவும் இருக்கும். எது என்று பார்த்தபின்னரே இழுக்கவோ திருப்பவோ வேண்டும். அறியாமல் சுத்தியால் அடித்தால் தாங்கி வெடித்துவிடும்.

(6) பைப்புகள் வெளிவந்தபின் டீயையும் இறக்கிச் சோதிக்க வேண்டும். பைப்பை வளைத்த அடி டீயையும் கோணச் செய்திருக்கலாம். கோணிய டீயில் புதிய பைப்புகளை மாட்டினால் அவையும் கோணலாகவே நிற்கும். குண்டுகளை எண்ணி வைத்து, வளையங்களில் பள்ளம் விழுந்திருந்தால் மேலும் கீழும் முழுவதையும் மாற்றிப் புது கிரீஸ் இட வேண்டும்.

(7) புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, சீலின் குறுக்களவுக்குச் சரியான குழலால் சமமாக இறக்க வேண்டும். ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டி இறக்கிய சீல் முதல் நாளே ஒழுகும்.

(8) இரண்டு பைப்புகளையும் சம உயரத்தில் நிறுத்தி, உற்பத்தியாளர் குறித்த அளவு எண்ணெயை இரண்டு காலிலும் அளந்து ஊற்ற வேண்டும். பழைய புல்லட்டுக்கு ஒவ்வொரு காலுக்கும் ஏறத்தாழ 200 மில்லி ஆகும். கண்மதிப்பாக ஊற்றலாகாது. எஞ்சின் எண்ணெயின் மிச்சத்தையும் ஊற்றலாகாது.

(9) ஆக்ஸில் கையால் தள்ளினாலே இரண்டு கால்களிலும் சரளமாகச் செல்ல வேண்டும். சுத்தியால் அடித்துத்தான் செல்லுமாயின் கால்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே செல்லக்கூடாது.

(10) டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தட்டின் பள்ளமும் கீழ்க்காலின் முட்டும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இது தவறினால் முதல் முறை பிரேக் பிடிக்கும்போதே தட்டு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். இந்த ஒரு கவனக் குறைவால் உயிரே போகலாம்.

(11) வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி போர்க்கைப் பல முறை அமுக்கிவிட்டு, அதன்பின் எல்லாப் பிடிகளையும் முறையாக இறுக்க வேண்டும். கழுத்து நட்டு அளவோடு இறுகியிருக்கட்டும். சக்கரம் தூக்கிய நிலையில் ஹாண்டில் தடையின்றி இருபுறமும் விழ வேண்டும்; அதே சமயம் கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது.

ஓட்டிப் பார்த்தல்

வேலை முடிந்த அன்றே பால் கேனைக் கட்டிக்கொண்டு புறப்படுவது தவறு. முதலில் வண்டியைத் தள்ளிச் சென்று பிரேக்கைச் சோதித்து, பிறகு ஆளில்லாத இடத்தில் பாரமில்லாமல் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நேர் வழியில் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது முன்புறம் கடகடக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் மறுமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்து, பைப்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பின்னர் வாரம் ஒரு முறை ஈரத்துணியால் பைப்பைத் துடைத்து வந்தால் சீல் நெடுநாள் உழைக்கும்.

சட்டமும் கிராமத்தாரின் பொறுப்பும்

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்த உபயோக வண்டிகளின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சோதனை செய்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதே மாதிரிப் போர்க்கை மாற்றுவதனால் பதிவுக்குப் பாதகமில்லை. சட்ட எண் போர்க்கைச் சேர்ந்ததன்று. ஆனால் உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்றும் மாறும்படி வண்டியைத் திருத்துவதை இச்சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. அழகுக்காகப் போர்க்கை நீட்டிக்கொள்ளும் இளைஞர்கள் இதை அறிய வேண்டும். மாற்றிய உதிரிகளின் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது, வண்டியை விற்கும்போதும் விபத்து நேர்ந்து விசாரணை வரும்போதும் உதவும்.

கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும், பால் சங்க நிர்வாகிகளும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது உண்டு. காலையில் பால் ஊற்ற வரும் வண்டிகள் அனைத்தும் சங்க வாசலில் ஒரே சமயத்தில் கூடுகின்றன. வருஷத்துக்கு இரண்டு நாள், நல்ல மெக்கானிக் ஒருவரை அங்கே அமர்த்தி, கண்ணாடித் துண்டும் கயிறும் கொண்டு வண்டிகளைச் சோதிக்கச் செய்தால் அரைமணி நேரத்தில் கோணலான வண்டிகள் தெரிந்துவிடும். பாலங்களின் ஓரத்தில் வெள்ளை அடிப்பதும், வெட்டிய பள்ளத்தை அன்றே மூடச் செய்வதும், போர்க் வளையும் காரணத்தையே நீக்கும் வேலைகளாகும்.

கடைசியாக ஒன்று. கழித்த பைப்பை அப்படியே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடக் கூடாது. அது நிமிர்த்தப்பட்டு, மெருகேற்றப்பட்டு, மலிவு விலைக்கு இன்னொரு குடியானவரின் வண்டியில் ஏறும். வாள் கொண்டு நடுவில் இரண்டாக அறுத்த பின்பே போட வேண்டும். இதற்கு ஐந்து நிமிஷ வேலைதான். அது முன்பின் அறியாத ஒருவரின் குடும்பத்தைக் காப்பாற்றக்கூடும். கறவை மாட்டுக்குத் தடுப்பூசி போடுவதையும் கிணற்றுக் கயிற்றை மாற்றுவதையும் காலத்தில் செய்யும் குடியானவர்கள், தங்களையே சுமந்து செல்லும் வண்டியின் முன் போர்க்கையும் அவ்வாறே கவனித்துப் பாதுகாப்பார்களாக.